தளம்புகிற சத்தம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்காட்சி திறப்பதற்கு இன்னும் அறுபத்தெட்டு மணித்தியாலம் இருந்தது. அந்த நேரம் பார்த்து லேயாவின் அப்பா சாப்பாட்டுப் பையோடு மண்டபத்துக்குள் வந்தார். பையை வைக்க இடம் தேடாமல், கூரையில் பூட்டியிருந்த, எஞ்சின் சத்தம் வந்துகொண்டிருந்த ஒலிபெருக்கிகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“இது ரண்டு எஞ்சின் இல்லை, பிள்ளை.”

லேயா திரும்பி விமானத்தைப் பார்த்தாள். இடது இறக்கையில் ஒரு எஞ்சின், வலது இறக்கையில் ஒரு எஞ்சின்.

“பிளேனைச் சொல்லேல்லை. சத்தத்தைச் சொல்லுறன். இது ஒத்தை எஞ்சின்ரை சத்தம்.”

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி. லேயாவின் அப்பா எமிலியானுஸ், சுவிஸின் துன் நகரில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறவர். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை மூன்று மணித்தியாலம் ஓய்வு. சிம்மர்ஸ்துண்டே என்று அதற்குப் பெயர். மற்றவர்கள் அந்த நேரத்தில் மேல்மாடி அறையில் காலை நீட்டிப் படுப்பார்கள். அவர் பஸ் பிடித்து, நகரத்துக்கு வெளியே பழைய விமானத்தளத்தின் ஓரத்தில் இருந்த இந்தச் சின்ன மியூசியத்துக்கு வந்திருந்தார். மகள் மூன்று நாளாக மத்தியானத்தில் பாணும் சீஸுமாகத் தின்கிறாள் என்று மனைவி முறைப்பாடு செய்திருந்தாள்.

ஏணியில் நின்று விமானத்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பூர்க்கி கீழே குனிந்தார். மியூசியத்தை நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வாழ்நாள் முழுக்க விமான எஞ்சின் திருத்தியவர். வாரத்தில் நான்கு நாள் சம்பளமில்லாமல் இங்கே வந்து நிற்பார். அதைச் சொல்லிக் காட்டவும் தவறமாட்டார்.

“அப்பா என்ன சொல்கிறார், லேயா?”

அவள் ஜெர்மனில், மேசையைப் பார்த்தபடி சொன்னாள். எதைச் சொன்னாலும் மேசையைப் பார்த்துத்தான் சொல்வாள். பௌதிகத்தில் முதுமாணிப் பட்டம் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பூர்க்கி சிரித்தார். கீழே ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு தொண்டர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

“குசினியில் பொரிகிற சத்தத்தை வைத்தே இறைச்சி பதமா என்று சொல்வாராக்கும்.”

எமிலியானுஸுக்கு ஜெர்மன் விளங்கும். “சொல்லுவேன்” என்றார் அவரும் ஜெர்மனில். “அது பிழைக்காது.”

பூர்க்கி துணியை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு லேயாவிடம், அவர் அங்கே இல்லாததுபோலத் தணிந்த குரலில் சொன்னார்: “போரிலிருந்து வந்தவர்களுக்குச் சத்தம் என்றாலே அப்படித்தான். நான் வாசித்திருக்கிறேன். அது காதின் வேலை இல்லை, காயத்தின் வேலை. அவரை வெளியில் கூட்டிப்போய் உட்கார வை.”

லேயாவின் காது மடல் சூடாகியது. மேசையைப் பார்த்தாள். அப்பாவோ பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, “கத்தரிக்காய்க் குழம்பு. ஆறினால் நல்லாயிராது” என்று மட்டும் சொன்னார். வாசலில் நின்று இன்னொரு தரம் காது கொடுத்தார்.

“பிள்ளையள் வருங்கள் என்ன, இஞ்சை?”

“பள்ளிக்கூடங்களிலை இருந்து வருவினம் அப்பா. பஸ் பஸ்ஸா.”

“அப்ப பிழையான சத்தத்தை அதுகளுக்குப் படிப்பிக்கக் கூடாது” என்றார். அவர் கோபப்பட்டு அவள் கண்டது குறைவு. இப்போது தாடை இறுகியிருந்தது.

*

அந்த விமானத்தை மண்டபத்தில் எல்லோரும் ‘இரட்டை’ என்றே அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தது, எண்பத்தைந்து வருடம் பழையது. ஒன்பது வருடமாகத் தொண்டர்கள் ஒவ்வொரு தகடாகத் தட்டி ஒட்டி நிமிர்த்தியிருந்தார்கள். லேயாவை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தது அதைப் பற்றிய பலகைகளை எழுதவும், ஒலி ஒளி வேலைகளைப் பார்க்கவும்.

எழுதத் தொடங்கியபோது அவளுக்கு அந்த இயந்திரத்தில் ஆசை வந்தது உண்மை. எஞ்சின்கள் இறக்கைகளுக்குப் போய்விட்டதால் மூக்கு வெறுமையாகிவிடுகிறது. துப்பாக்கிகளை எல்லாம் அந்த மூக்கில் ஒன்றாக அடுக்கலாம். சுழலும் விசிறிக்கு ஊடாகக் குறி பார்க்கத் தேவையில்லை. முன்னால் ஓட்டுகிறவர், பின்னால் முதுகு காட்டி இருந்து காவல் பார்க்கிறவர். நிறைய எண்ணெய், நீண்ட தூரம். குண்டு போடும் விமானங்களோடு கூடப் போய் அவற்றைக் காப்பதற்கு என்று கீறப்பட்ட வடிவம்.

வரைபடத்தில் எல்லாம் சரி. வானத்தில் சரி வரவில்லை. பாரம் கூட. ஒற்றை எஞ்சின் விமானம் சட்டென்று திரும்பும் வளைவில் இது திரும்பாது. காவலுக்குப் போனவற்றுக்கே காவல் தேவைப்பட்டது. அதற்குப் பிறகுதான் இதற்கு வேறு வேலைகள் கொடுத்தார்கள். ராடார் பூட்டி இருட்டில் வேட்டைக்கு அனுப்பினார்கள். வீதிகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் மேலே தாழப் பறக்க அனுப்பினார்கள்.

நாலாவது பலகையில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: “வானத்தில் தன்னைப் போன்றவற்றிடம் தோற்றதால், திருப்பிச் சுட முடியாதவர்களிடம் இது அனுப்பப்பட்டது.”

அச்சாகி வந்த பலகையில் அந்த வரி இல்லை. “பல்வேறு பணிகளுக்கு ஏற்றதாக விளங்கியது. தரை இலக்குகளுக்கு எதிராகவும் வெற்றிகரமாகப் பயன்பட்டது” என்று இருந்தது.

தரை இலக்குகள். அவள் அந்தச் சொல்லை நாள் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்தது. கைப்பிடியை அழுத்தினால் திரையில் நீண்ட வீதி ஓடும். வீதியில் வண்டிகள் ஊரும். ஒரு வண்டி எரிந்தால் பத்துப் புள்ளி. வண்டிகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள், மேசையைப் பார்த்துத்தான். “யாரும் இல்லை, லேயா. அவை புள்ளிகள்” என்று பூர்க்கி பதில் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

பேசாமல் இருந்தாள். ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள் என்ற நம்பிக்கையில் பேசாமல் இருந்தாள். ஆனால் இன்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தது அந்தக் கணக்கில் சேரவில்லை. எல்லோரும் போன பிறகு அந்த ஒலிக்கோப்பைத் தன் கணினியில் திறந்தாள்.

*

வீட்டில் அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். றீற்றா முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் வேலை செய்பவள். பகல் முழுக்க மற்றவர்களின் உடுப்பை மடித்துவிட்டு வந்து மாலையில் தன் வீட்டு உடுப்பை மடிப்பாள்.

“வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்கு வேலை செய்யிற ஆக்களின்ரை வீட்டுக்காரருக்கெண்டு திறந்து காட்டினம் அம்மா. சுவரிலை என்ரை பேரும் போட்டிருக்கு.”

“பிளேன் சத்தம் போடுவினமோ?”

“போடுவினம். நான் நிப்பாட்டி வைக்கச் சொல்லுறன்.”

“நிப்பாட்டினால் வாறன்.”

தொலைக்காட்சிக்கு மேலே கிறிஸ்ரியின் படம் இருந்தது. லேயாவுக்கு அவள் அக்கா. லேயா காணாத அக்கா. படத்தில் நாலு வயது. லேயா சுவிஸில் பிறப்பதற்கு நான்கு வருடத்துக்கு முன்பே அவள் இல்லை.

அந்தக் கதையை லேயா ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தவர்களுக்கான பூசை முடிந்து வரும் வழியில் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் ஒரே சொற்கள். யாழ்ப்பாணத்தில் கடற்கரைக் குறிச்சி. கோயில் வாசலில் ஒரு காவல். பிளேன் சத்தம் கேட்டால் நீட்டு விசில் ஒன்று, எல்லோரும் பங்கர் குழிக்குள். ஆபத்து இல்லை என்றால் குட்டி விசில் இரண்டு, எல்லோரும் வெளியே. அன்றைக்குக் காவல் தயாபரன். நீட்டு விசில் கேட்டு றீற்றா கிறிஸ்ரியோடு பங்கருக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் குட்டி விசில் இரண்டு கேட்டது. பிள்ளையைத் தூக்கி வெளியில் விட்டாள். தான் படியில் கால் வைக்கும்போது குண்டு விழுந்தது. அவ்வளவுதான்.

ஆனால் பிறகு எல்லோரும் சொன்னார்கள், அந்தக் குட்டி விசில்கள் ஊதப்படவே இல்லை என்று. கேட்பதற்குத் தயாபரனும் இல்லை, கிணற்றடியில் செத்துக் கிடந்தான். பக்கத்துப் பங்கரில் இருந்தவர்கள் தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். அப்பா அன்றைக்குச் சங்கக்கடைப் பங்கீட்டு வரிசையில் நின்றவர். அவரும் அதையே சொன்னார்.

“எனக்குக் கேட்டமாதிரித்தான் இருந்தது” என்று அம்மா ஒவ்வொரு வருடமும் முடிப்பாள். “பயத்திலை கேட்டிருக்கும். நான்தானே வெளியிலை விட்டனான்.”

அப்பா அந்த இடத்தில் எப்போதும் பஸ்ஸின் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

இன்று அம்மா மடித்ததை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “உவர் அங்கை வந்து என்னவோ சத்தம் பிழையெண்டு சொன்னவராம். அவையளோடை உவருக்கென்ன கதை?”

“அப்பா சொன்னது சரி அம்மா.”

“அது தெரியும். அந்தக் குறிச்சியிலையே இவரைப்போலை காது ஒருத்தருக்கும் இல்லை. சாமான் ஏத்தற பிளேனோ, குண்டு போடுற பொம்மரோ, எந்தப் பக்கம் திரும்புது, எல்லாம் படுத்திருந்தே சொல்லுவார். ஆக்கள் வந்து இவரைத்தான் கேட்பினம்.” ஒரு துவாயை உதறினாள். “அண்டைக்குப் பார்த்து வரிசையிலை நிண்டிட்டார்.”

*

வியாழக்கிழமை காலை பத்து மணி. இன்னும் நாற்பத்தெட்டு மணித்தியாலம். லேயா பூர்க்கியின் அறைக்குள் கணினியோடு போனாள். இரவு எட்டு மணிக்கே மனதில் எழுதி வைத்த வசனங்கள். அவற்றை மறந்துவிடக்கூடாது என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்திருந்தாள்.

“இரண்டு விசிறிகள் ஒருபோதும் ஒரே வேகத்தில் சுற்றாது” என்றாள். “ஒன்று நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு என்றால் மற்றது ஆயிரத்து இருநூற்றுப் பத்து. விசிறிக்கு மூன்று இதழ். இரண்டு சத்தமும் கலக்கும்போது இரண்டு செக்கனுக்கு ஒரு தரம் ஏறி இறங்கும். இந்தக் கோப்பில் அது இல்லை. ஒரேயொரு கோடுதான் இருக்கிறது. இது ஒற்றை எஞ்சின் விமானம்.”

திரையில் இருந்த கோட்டைப் பூர்க்கி பார்க்கவில்லை. கோப்பியைக் கலக்கினார்.

“தெரியும்” என்றார்.

லேயா மேசையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“இரட்டையின் நல்ல பதிவு எங்களிடம் இல்லை. இது கம்பீரமாக இருக்கிறது. சனத்துக்குக் கம்பீரம்தான் வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது?”

“என் அப்பாவுக்குத் தெரிந்தது.”

“ஒரு ஆளுக்கு.”

“அவர் சொன்னது சரி என்று நேற்றே உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சிரித்தீர்கள். அது காயம் என்று என்னிடம் சொன்னீர்கள்.” குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். “எஞ்சின் திருத்தின நீங்கள் பொய்ச் சத்தம் வைக்கலாம், அது கம்பீரம். குசினியில் நிற்கிறவர் உண்மையைச் சொன்னால் அது நோய். அப்படித்தானே?”

பூர்க்கி கரண்டியை வைத்தார். ஆறு மாதத்தில் இந்தப் பெண் இத்தனை வசனம் ஒன்றாகப் பேசி அவர் கேட்டதில்லை.

“இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?”

“உண்மையான சத்தம் போடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் போடாதீர்கள். இரண்டும் முடியாது என்றால் சுவரில் இருந்து என் பெயரைச் சுரண்டி எடுங்கள். என் பெயருக்குக் கீழே அந்தச் சத்தம் ஓடக்கூடாது.”

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு வன்தட்டை எடுத்து மேசையில் தள்ளினார். செத்துப்போன அங்கத்தவர் ஒருவர் விமானக் கண்காட்சிகளில் திரிந்து பதிந்தவை. முப்பத்தொரு கோப்பு. ஒன்றுக்கும் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.

“நாளை பின்னேரம் ஐந்து மணிக்குள் இதற்குள் இரட்டை எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடி. மாற்றுகிறேன். கண்டுபிடிக்காவிட்டால் இருப்பதே ஓடும். பெயரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.” அவள் கதவைத் திறக்கும்போது சொன்னார்: “விருப்பம் என்றால் அந்தக் காதையும் கூட்டிக்கொண்டு வா.”

அவளுக்கு அந்த வன்தட்டை அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. கையில் வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு போனாள்.

*

முப்பத்தொன்றில் பெரும்பாலானவை குப்பை. காற்று இரைச்சல், கூட்டத்தின் கதை, ஒலிபெருக்கி அறிவிப்பு. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கணினிக்கும் பிரிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை இருந்தும் லேயாவால் உறுதியாகச் சொல்ல முடிந்தது எட்டைத்தான். எட்டும் ஒற்றை.

இரண்டரைக்கு அப்பாவும் அம்மாவும் ஒன்றாக வந்தார்கள். அப்பா குசினிக் காற்சட்டையை மாற்றாமல் வந்திருந்தார். அம்மா பூசைக்குப் போகிற நீலச் சேலையில்.

அம்மாவைச் சுவரில் பெயர் பார்க்க விட்டுவிட்டு, லேயா அப்பாவைக் கணினிக்கு முன்னால் இருத்திக் காதுக்கருவியைக் கொடுத்தாள். பூர்க்கியும் வந்து கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க வந்த ஆள்போலத்தான் நின்றார்.

அப்பா கண்ணை மூடவில்லை. சுவரில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்தபடி கேட்டார்.

“ஒண்டு” என்றார். அடுத்தது. “ஒண்டு. கிழட்டு எஞ்சின்.” அடுத்தது. “இது நாலு. பெரிய சாமான்.” அடுத்தது. “இது ரண்டு பிளேன், ரண்டுக்கும் ஒவ்வொண்டு. கிட்டக் கிட்டப் போகினம்.”

லேயா ஒவ்வொன்றுக்கும் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர் சொன்ன பிறகு, எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு, கோடுகள் பிரிந்தன. நாலு என்ற இடத்தில் நாலு இருந்தது. அவள் ஒவ்வொரு தரமும் திரையைப் பூர்க்கியின் பக்கம் திருப்பினாள். ஐந்தாவது தரம் அவர் கட்டியிருந்த கையை எடுத்தார். எட்டாவது தரம் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

இருபத்தெட்டாவது கோப்பில் அப்பா கையைத் தூக்கினார்.

“இதுதான். பார், தளம்புது. ஊம்… ஊம்… எண்டு. ஒண்டை ஒண்டு துரத்திற மாதிரி.” மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். இரண்டு செக்கனுக்கு ஒரு தட்டு. “நேராப் போறான். இன்னும் கீழை பணியேல்லை. பணியத் தொடங்கினால் தளம்பல் கெதியாகும், பிறகு ஒண்டா இறுகும். அதுக்குப் பிறகு ஓடி வேலையில்லை.”

திரையில் மயிரிழை இடைவெளியில் இரண்டு கோடு.

பூர்க்கி காதுக்கருவியை வாங்கித் தானும் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு எழுந்து அப்பாவிடம் கையை நீட்டினார். “மன்னிக்க வேண்டும். புதன்கிழமை நான் முட்டாள்தனமாக நடந்தேன்.”

அப்பா கையைக் கொடுத்தார். “பிள்ளையளுக்குச் சரியானதைப் போடுங்கள்” என்றார். “அது போதும்.”

அதோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும். பூர்க்கி விடவில்லை. அவருக்குப் புது யோசனை பிறந்துவிட்டது. கண்ணும் மின்னியது. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு பலகை எழுதுவதா? ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வந்து நிற்கட்டும், சனம் சத்தத்தைப் போடட்டும், இவர் சொல்லட்டும். காணொளி ஒன்றும் எடுக்கலாம். லேயா கணினியைப் பட்டென்று மூடினாள். முந்தாநாள் நோயாளி, இன்றைக்குக் காட்சிப்பொருள். இடையில் ஒரு மணித்தியாலமாவது அவரை மனிதராக வைத்திருந்தால் என்ன?

“அவர் ஞாயிற்றுக்கிழமை வேலை” என்றாள். இந்த முறை மேசையைப் பார்க்கவில்லை.

*

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பத் தொடங்கியது. தொண்டர்களின் மனைவிமார், பேரப்பிள்ளைகள். மேசையில் வெள்ளை வைன், சீஸ் துண்டு, உப்பு பிஸ்கற். அப்பேரோ என்கிற வரவேற்பு உபசாரம் என்றால் எங்கும் இதுதான். விளையாட்டுப் பெட்டிக்கு முன்னால் வரிசை. வண்டிகள் எரிந்து எரிந்து புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

“அதுக்குள்ளை ஆக்கள் இருக்கினமோ?”

“இல்லையாம் அப்பா. புள்ளியளாம்.”

“ம்” என்றார்.

அம்மா விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்று எஞ்சினை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை கிட்டத்தில் ஒன்றை அவள் கண்டதில்லை. மேலே போவதைத்தான் கேட்டிருக்கிறாள். அதையும் மண்ணுக்குள் இருந்து.

“புதுச் சத்தத்தை ஒருக்காப் போட்டுப் பார்க்கவேணும் அம்மா. நீங்கள் வெளியிலை நில்லுங்கோ. நான் கூப்பிடுறன்.”

அம்மா யோசித்தாள். “போடு” என்றாள். “இவர் கண்டுபிடிச்சதெண்டால் நானும் கேக்கிறன்.”

லேயா போட்டாள்.

மண்டபம் முழுக்க அது வந்தது. கம்பீரம் ஒன்றும் இல்லை. தூரத்தில் எங்கோ இரண்டு எஞ்சின்கள் ஒன்றையொன்று துரத்தி ஏறி இறங்குகிற, அலுப்பான, அவசரமில்லாத சத்தம். பேரப்பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் விளையாடப் போனார்கள். அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் நின்றாள்.

“இது எங்கடை சாமான் பிளேன் மாதிரியெல்லோ இருக்கு” என்றாள். “பொம்மர் இல்லையே.”

“நேராப் போகேக்க ரண்டும் ஒண்டுதான், றீற்றா” என்றார் அப்பா. “அதுக்கும் ரண்டு எஞ்சின். இதுக்கும் ரண்டு எஞ்சின்.”

பூர்க்கி கையில் இரண்டு வைன் கிளாஸோடு வந்து சேர்ந்தார். ஒன்றை அப்பாவிடம் நீட்டினார். அம்மாவுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். “உங்கள் கணவரின் காது பொன் காது” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, நல்ல மனதோடுதான் கேட்டார்: “உண்மையைச் சொல்லுங்கள். ஒருமுறைகூடப் பிழைத்ததில்லையா?”

அப்பா கிளாஸை வாங்கவில்லை.

அம்மாவுக்கும் அவ்வளவு ஜெர்மன் விளங்கும். வேலையிடத்தில் பேசுகிற உடைந்த ஜெர்மனில் அவள்தான் பதில் சொன்னாள். சொல்லும்போது நிமிர்ந்து நின்றாள். இந்த மண்டபத்தில் தன் மனிதனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை அவளும் மறக்கவில்லை.

“ஒருமுறையும் இல்லை. முழு ஊரும் இவரைத்தான் கேட்கும்.” பிறகு ஜெர்மன் போதாமல் மகளிடம் திரும்பினாள். “சொல்லு பிள்ளை அவருக்கு. அண்டைக்குக் கோயில் வாசலிலை தயாபரனுக்குப் பதிலா இவர் நிண்டிருந்தால் என்ரை பிள்ளை இண்டைக்கு இருந்திருக்கும் எண்டு சொல்லு.”

லேயா வாயைத் திறந்தாள். அப்பா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. மேலே அந்தச் சத்தம் ஏறியது, இறங்கியது, ஏறியது.

“சொல்லாதை” என்றார். “அது பொய்.”

“என்னப்பா பொய்?” என்றாள் அம்மா.

“நான் வரிசையிலை நிக்கேல்லை. சங்கக்கடை அண்டைக்குத் திறக்கேல்லை. நான் திரும்பி வந்திட்டன்.” அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. முப்பது வருடமாக யன்னலுக்கு வெளியே பார்த்தவர் இப்போது றீற்றாவின் முகத்தைப் பார்த்தார். “தயாபரன் தண்ணி குடிச்சிட்டு வாறனெண்டு கிணத்தடிக்குப் போனவன். விசிலை என்ரை கையிலை தந்திட்டுத்தான் போனவன். பிளேன் நேராத்தான் போனது. இந்தத் தளம்பல்தான். சாமான் பிளேனெண்டு நினைச்சன்.”

அம்மாவின் கை சேலைத் தலைப்பை விட்டது.

“உனக்குச் சரியாத்தான் கேட்டது, றீற்றா. அந்த ரண்டு விசிலும் நான் ஊதினது.”